பதினாறு மேஜைகள்

2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தோனி அடித்த அந்தக் கடைசி சிக்ஸரை நான் பார்க்கவில்லை. தொலைக்காட்சி ஓடிய அதே கூடத்தில்தான் இருந்தேன். சோபாவுக்கு ஆறடி பின்னால், சுவரோரமாக, என் நாற்காலியில்.

அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் எடிசன் என்ற ஊர். கணினி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போன நாங்கள் மூன்று பேர், நான், ஒரு கரூர்க்காரன், ஒரு திருநெல்வேலிக்காரன், சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீடு. ஏப்ரல் 2, சனிக்கிழமை. மும்பையில் பகலிரவு ஆட்டம் என்பதால் எங்களுக்கு விடிகாலை 5 மணிக்கே தொடங்கிவிட்டது. அக்கம்பக்கத்திலிருந்து இரண்டு குடும்பங்கள் குழந்தைகளோடு வந்திருந்தன. கரூர்க்காரன் முதல் நாள் ராத்திரியே சட்னி அரைத்து வைத்திருந்தான். மலிங்கா சேவாக்கையும் சச்சினையும் வீழ்த்தியபோது வீடு அடங்கிப்போனதும், பிறகு கம்பீரும் தோனியும் ஆட்டத்தை மெல்ல மெல்லக் கரைக்குக் கொண்டுவந்ததும் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. மதியம் ஒன்றேகால் வாக்கில் கூடமே எழுந்து நின்று கத்தியது. நான் தலையைத் தூக்கியபோது யுவராஜ் தோனியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“பாத்தியா மாப்ள, பாத்தியா!” என்று கரூர்க்காரன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

“பாத்தேன்டா” என்றேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு முன்னால் இருந்த இரண்டு 30 அங்குலத் திரைகளை. ஒவ்வொரு திரையிலும் எட்டுப் பச்சை மேஜைகள், நான்கு நான்காக இரண்டு வரிசை. ஒவ்வொரு மேஜையிலும் ஒன்பது இருக்கைகள், அதில் ஒன்று என்னுடையது. அந்தக் கணத்தில் மேல் வரிசையின் மூன்றாவது மேஜையில் எனக்கு ஒரு ஜோடி எட்டு வந்திருந்தது. வலது திரையின் மூலையில் யாரோ என் பந்தயத்துக்கு மேல் ஏற்றியிருந்தார். இன்னும் மூன்று மேஜைகள் ‘உன் முறை’ என்று மினுங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல எனக்கு இருந்தது சில விநாடிகள். 28 வருஷம் கழித்து வந்த கோப்பை அந்தச் சில விநாடிகளுக்குள் வந்து போய்விட்டது.

சீட்டு எனக்குப் புதிதில்லை. ராஜபாளையத்தில் என் பெரியப்பா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மனமகிழ் மன்றத்தில்தான் இருப்பார். பதின்மூன்று சீட்டு ரம்மி. கல்யாண மண்டபங்களில் முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி ஜமுக்காளத்தை விரித்து ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். நான் பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொள்வேன். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் எல்லாம் அங்கே கற்றதுதான். சீட்டை ஒருமுறை பார்த்து அடுக்கிவிட்டால் பெரியப்பா அதைத் திரும்பப் பார்க்கமாட்டார். எதிரே இருப்பவர் எந்தச் சீட்டை எடுக்கிறார், எடுத்ததைக் கையில் எந்த இடத்தில் செருகுகிறார், கழிப்பதற்கு முன்னால் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதிலேயே அவர் கண் இருக்கும். “ஓரத்துல செருகுனான் பாத்தியாலே, ராஜாவோ ராணியோதான் அது” என்று விடிகாலையில் வீட்டுக்கு நடக்கும்போது சொல்லுவார். கை சரியில்லை என்றால் முதல் சுற்றிலேயே ஸ்கூட் விட்டுவிடுவார். விட்டபிறகும் எழுந்து போகமாட்டார். மற்றவர்கள் ஆடுவதைக் கவனிப்பதுதான் அவருக்கு ஆட்டத்தில் பாதி.

2007இல் நான் அமெரிக்கா போனபோது போக்கர் மோகம் உச்சத்தில் இருந்தது. அதற்குக் காரணம் கிறிஸ் மணிமேக்கர். டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கணக்காளர். இணையத்தில் சில பத்து டாலர் கட்டித் தகுதிச் சுற்று ஒன்றில் வென்று, 2003இல் லாஸ் வேகஸ் உலகப் போட்டியின் முதன்மை ஆட்டத்துக்குப் போய், 839 பேர் கலந்துகொண்ட அந்த ஆட்டத்தில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வாங்கினார். அவரால் முடிந்தது நம்மாலும் முடியும் என்று அலுவலகத்தில் இருந்த ஒவ்வொரு கணக்கரும் பொறியாளரும் நினைத்தார்கள். வியாழக்கிழமை இரவுகளில் சக ஊழியர் ஒருவர் வீட்டில் ஆளுக்கு 20 டாலர் போட்டு ஆடுவோம். எனக்கு டெக்சாஸ் ஹோல்டெம் அங்கேதான் பழக்கமானது. கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, நான்கு தடவை பந்தயம். ரம்மி தெரிந்தவனுக்கு விதிகள் அரை மணியில் பிடிபட்டுவிடும். எதிரே இருப்பவரைப் படிக்கத்தான் பல வருஷம் வேண்டும். பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்த ராத்திரிகள் எனக்கு அங்கே உதவின.

2008 குளிர்காலத்தில் இணையத்தில் ஆடத் தொடங்கினேன். ஒரே ஒரு மேஜை. பனி கொட்டும் இரவில், கையில் காபியோடு, எட்டு முகம் தெரியாதவர்களை ஒவ்வொருவராகக் கவனித்து ஆடிய அந்த மாதங்கள்தான் நான் போக்கரை உண்மையாக ஆடிய மாதங்கள் என்று இப்போது தோன்றுகிறது. யார் அவசரப்படுகிறார், யார் தோற்றதும் கோபத்தில் பந்தயத்தை ஏற்றுகிறார், யார் பலமான கை வந்தால் மட்டும் இரண்டு விநாடி தாமதிக்கிறார் என்றெல்லாம் ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்தேன். பெரியப்பா விரல்களைப் பார்த்தார். நான் விநாடிகளைப் பார்த்தேன்.

பிறகு கணக்கு வந்தது.

நான் ஆடியது கட்டாயப் பந்தயம் 50 சென்ட்டும் 1 டாலருமாக உள்ள மேஜைகளில். ஒருவர் கொண்டுவந்து உட்காரும் தொகை 100 டாலர். சூதாட்ட விடுதியில் மனிதர் ஒருவர் கலைத்துப் போட்டால் மணிக்கு 25, 30 கை வரும். கணினி போட்டால் ஒரு மேஜையில் 70 கை. ஒரே மேஜையில் முழுக் கவனத்தோடு ஆடியபோது 100 கைக்குச் சராசரியாக 6 டாலர் எனக்கு நின்றது. மணிக்கு நாலு டாலரும் சில்லறையும். பதினாறு மேஜை திறந்தபோது என் ஆட்டம் மோசமானது. 100 கைக்கு 2 டாலர்தான் நின்றது. ஆனால் மணிக்கு 1,100 கை. அப்படியென்றால் மணிக்கு 22 டாலர். மூன்றில் ஒரு பங்கு ஆட்டக்காரனாகச் சுருங்கி, ஐந்து மடங்கு சம்பாதித்தேன். இதைப் படிப்பவருக்கு ஒருவன் ஏன் பதினாறு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தான் என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும். பேராசை என்று சொல்லிவிட முடியாது. கூட்டல் பெருக்கல் தெரிந்த எவனும் அதைத்தான் செய்வான்.

இன்னொரு காரணமும் உண்டு; எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. போக்கரில் ஒருவன் நன்றாக ஆடுகிறானா, வெறும் அதிர்ஷ்டமா என்பது எளிதில் தெரியாது. ஏற்ற இறக்கம் அவ்வளவு பெரிது. 100 கைக்கு 2 டாலர் ஜெயிக்கக்கூடியவன் 10,000 கை ஆடினால் 200 டாலர் வர வேண்டும். ஆனால் அந்த 10,000 கையில் தற்செயலின் வீச்சு மட்டும் மேலே 800, கீழே 800 என்று ஆடும். நல்லவன் தோற்று நிற்பான், மோசமானவன் ஜெயித்துக்கொண்டு போவான். லட்சம் கை ஆடினால்கூட இந்தச் சந்தேகம் முழுதாகத் தீராது. ஒரு மேஜையில் தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் 10,000 கை ஆக எழுபது நாள் வேண்டும். பதினாறு மேஜையில் ஒன்பது மணி நேரம் போதும். நான் யார் என்று தெரிந்துகொள்ளும் அவசரம் எனக்கு இருந்தது. முப்பது வயதில், வீட்டை விட்டு அவ்வளவு தூரத்தில், வேறொன்றிலும் நான் யார் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 2009 கோடையில் எட்டாகி, அடுத்த வருஷம் பதினாறானது. ஒவ்வொரு படியிலும் ஒன்றை இழந்தேன். இரண்டு மேஜைக்குப் போனபோது நோட்டுப் புத்தகம் போனது. நான்குக்குப் போனபோது, சீட்டைக் கீழே வைத்தபிறகும் உட்கார்ந்து மற்றவர்களைக் கவனிக்கிற பெரியப்பாவின் பழக்கம் போனது. வைத்த கணத்தில் கண் அடுத்த மேஜைக்குத் தாவியாக வேண்டும். எட்டில், இல்லாததை இருப்பதாகக் காட்டி ஆடும் ஆட்டம் போனது. அப்படி ஆட எதிராளி என்ன நினைக்கிறார் என்று தெரிய வேண்டும், அதற்கு நேரம் இல்லை. பதினாறில் எனக்கு மிஞ்சியது ஒரு அட்டவணை. எந்த இருக்கையில் எந்தக் கை வந்தால் என்ன செய்வது என்று மனப்பாடம். இரண்டு விநாடிக்கு மேல் யோசிக்க வேண்டிய கை எதுவோ அதை ஆடுவதே இல்லை என்று ஆனது.

கவனத்துக்குப் பதிலாக எண்கள் வந்தன. ஆடும் ஒவ்வொரு கையும் ஓர் எழுத்துக் கோப்பாகக் கணினியில் சேமிக்கப்படும். தனியாக விலைக்கு வாங்கும் மென்பொருள் ஒன்று அந்தக் கோப்புகளை உடனுக்குடன் படித்து, மேஜையில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் அவருடைய கணக்கைத் தொங்கவிடும். முதல் எண், நூறு கையில் எத்தனை கையை அவர் பணம் போட்டு ஆடுகிறார். இரண்டாவது, எத்தனையில் முதல் சுற்றிலேயே பந்தயத்தை உயர்த்துகிறார். 45/5 என்று இருந்தால் பொழுதுபோக்குக்கு வந்தவர், வாரக் கடைசியில் வருவார். 14/11 என்று இருந்தால் என்னைப்போல ஒருவர். அந்த மென்பொருளை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல கருவி, எல்லோரும் வைத்திருந்தார்கள். நான்தான் நாளாக நாளாகப் பெயரைப் படிப்பதை விட்டு எண்ணை மட்டும் படிக்கத் தொடங்கினேன்.

ஒரு ஜோடி ஏஸ் கையில் வருவது 221 கைக்கு ஒருமுறை. சூதாட்ட விடுதியில் அதற்காக ஏழெட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அதை மறைப்பதே பெரும் பாடு. எனக்கு அது மணிக்கு ஐந்து தடவை வந்தது. ஒரு நாள் ராத்திரி ஒரே நேரத்தில் இரண்டு மேஜைகளில் வந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. இரண்டிலும் பொத்தானை அழுத்திவிட்டு மூன்றாவதுக்குப் போனேன். அன்றைக்குத் தூங்கப் போகும்போது அது கொஞ்சம் உறுத்தியது.

உடம்பு தன் பங்குக்கு மாறியது. ஓக் ட்ரீ சாலையில் மளிகைக் கடையில் வரிசையில் நிற்கும்போது பில் போடும் கருவி பீப் என்றால் என் வலது ஆள்காட்டி விரல் தானாக அழுந்தும். கண்ணை மூடினால் இமைக்குள் பச்சை நீள்வட்டங்கள். கண்ணை ஒரே இடத்தில் நிறுத்தி ஒரு பக்கத்தைப் படிக்க முடியாமல் போனது. இரண்டாவது பத்தியிலேயே பார்வை பக்கத்தின் நான்கு மூலைக்கும் ஓடியது. வீட்டிலிருந்து அம்மா தொலைபேசியில் பேசும்போது “ம்”, “சரிம்மா”, “அப்படியா” என்று மூன்று பதில்களை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. “வேலையா இருக்கியா, வச்சிரட்டுமா?” என்பாள். “இல்லம்மா, சொல்லு” என்பேன். அவள் வைத்துவிடுவாள்.

தவறுகளும் நடக்கும். நான் மேல் மேஜையில் பந்தயம் உயர்த்த அழுத்தும் கணத்தில் ஏதாவது ஒரு சாளரம் குறுக்கே வந்து நிற்கும். அந்த அழுத்தம் அதற்குப் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டும் ஏழுமாக, இருப்பதிலேயே கடைசிக் கையோடு 100 டாலரையும் வைத்து ஆடியிருக்கிறேன். இதெல்லாம் எப்போதாவதுதான், கணக்கில் கரைந்துவிடும்.

2010 முடியும்போது ஒன்பது இருக்கை மேஜையில் ஐந்தாறு பேர் என்னைப் போன்றவர்களாகவே இருந்தார்கள். ஒவ்வொருவரும் பன்னிரண்டு, பதினாறு, சிலர் இருபத்து நான்கு மேஜைகளில். அதே அட்டவணை, அதே 14/11, 13/10, 15/12. ஒருவர் உயர்த்தினால் மற்றவர்கள் கீழே வைப்போம். மணிக்கணக்கில் ஒருவருக்கொருவர் சீட்டைக் கீழே வைத்துக்கொண்டிருப்போம், யாராவது 45/5 வந்து உட்காரும்வரை. அறை நிறைய ஆள் இருந்தும் ஒரு பேச்சு கிடையாது. மேஜையின் அடியில் அரட்டைக்கு ஒரு சிறு பெட்டி உண்டு. நான் அதை மூடி வைத்திருந்தேன். எட்டு மேஜை அடுக்கிய திரையில் அதற்கு இடம் இல்லை.

அந்தப் பெயர்களில் ஒன்று ஒரு மீனின் பெயர். பின்னால் நான்கு எண்கள், பிறந்த வருஷமாக இருக்கலாம். படம் வைக்கும் இடத்தில் ஏரியில் கட்டிப் போட்ட ஒரு படகு. பெயர்மேல் சுட்டியை வைத்தால் ஊர் தெரியும்: விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சிற்றூர். 14/11. இரண்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து ஆடிய கைகள் பல்லாயிரம். நான் திறக்கும் மேஜைகளில் ஐந்தாறில் எப்போதும் அவர் இருப்பார், இரவு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. அவரைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த குறிப்பு இரண்டே வரி: ‘கை இல்லாமல் உயர்த்தமாட்டார். இவர் உயர்த்தினால் விலகு.’ பச்சை நிறக் குறியும் போட்டிருந்தேன். பெரியப்பா தன் வாழ்நாளில் மன்றத்தில் யாரோடும் அவ்வளவு கை ஆடியிருக்கமாட்டார். ஆனால் தன்னோடு ஆடியவர்களின் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் போய் நின்றார். இழவு என்றால் தூக்கினார்.

2011 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு அந்தப் படகுக்காரரிடமிருந்து 300 டாலர் ஜெயித்தேன். மூன்று வெவ்வேறு மேஜைகளில், மூன்று முறையும் அவர் கையில் இருந்த மொத்தத்தையும் வைத்தார். ஒன்றில் எனக்கு ஒரு ஜோடி ராஜா. அவர் திறந்து காட்டியது ஒன்பதும் நாலும். பணம் என் பக்கம் நகர்ந்ததைக்கூட நான் பார்த்த நினைவில்லை. கண் அடுத்த மேஜைக்குப் போயிருந்தது. அவர் பெயருக்குப் பக்கத்தில் அப்போதும் 14/11 என்றுதான் தொங்கியது. அத்தனை ஆயிரம் கைகளின் சராசரியில் ஒரு ராத்திரி எவ்வளவு தலைகீழாக இருந்தாலும் அது தெரியாது.

அடுத்த இரண்டு மாதம் அவர் வரவில்லை. அதை நான் கவனிக்கவில்லை. இருக்கைகள் காலியாக இருக்காது. ஒருவர் எழுந்தால் அடுத்தவர் உட்கார்ந்துவிடுவார்.

ஏப்ரல் 14, வியாழக்கிழமை, சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடி செய்தோம். மறுநாள் மதியம் அலுவலகத்தில் இருந்தபோது திருநெல்வேலிக்காரனிடமிருந்து குறுஞ்செய்தி: ‘உன் சைட்ட எஃப்பிஐ மூடிட்டான்.’ விளையாடுகிறான் என்று நினைத்தேன். முகவரியைத் தட்டினால் அமெரிக்க நீதித் துறையின் முத்திரையோடு பறிமுதல் அறிவிப்பு வந்து நின்றது. மூன்று பெரிய போக்கர் தளங்களை நடத்தியவர்கள் உட்பட 11 பேர்மீது நியூயார்க்கில் வங்கி மோசடி, பணச்சலவை, சட்டவிரோதச் சூதாட்டம் என்று வழக்கு. 2006இல் வந்த சட்டம் ஒன்று சட்டவிரோத இணையச் சூதாட்டத்துக்குப் பணம் கைமாற்றித் தருவதைத் தடுத்திருந்தது. அதைத் தாண்டுவதற்காக வங்கிகளிடம் வேறு வியாபாரம் என்று சொல்லிப் பணத்தை நடமாட விட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அமெரிக்க ஆட்டக்காரர்கள் அந்த நாளைக் கறுப்பு வெள்ளி என்று இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அன்று ஆத்திரமாக இருந்தது. என் பணம் உள்ளே இருந்தது. அது எப்போது, எப்படி வந்தது என்பதைச் சொன்னால் கதை திசை மாறிவிடும், விடுகிறேன்.

சனிக்கிழமை வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு திரைகளும் வெறுமையாக இருந்தன. கரூர்க்காரன் “வாடா, ஒரு நட போயிட்டு வரலாம்” என்று கூப்பிட்டான். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, தொழிலை மூடும் கடைக்காரன் பழைய பேரேட்டைப் புரட்டுவதுபோல, சேமித்து வைத்த கோப்புகளை எடுத்து உட்கார்ந்தேன். மென்பொருள் வரைந்த கோடுகளையும் சராசரிகளையும் விட்டு, முதல் தடவையாக மூலக் கோப்புகளைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். யார் எவ்வளவு போட்டார், எந்தச் சீட்டு விழுந்தது, யார் கீழே வைத்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். இன்னொன்றும் இருக்கும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. மேஜையில் யாராவது அரட்டையில் ஏதாவது சொல்லியிருந்தால் அதுவும் அந்தந்தக் கைக்குள் ஒரு வரியாகப் பதிவாகியிருந்தது. பெட்டியை நான் மூடி வைத்திருந்தாலும்.

பிப்ரவரி மாதத்து அந்தச் சனிக்கிழமையை எடுத்தேன். ஒரு ஜோடி ராஜா வந்த அந்தக் கை. படகுக்காரர் பெயருக்குப் பக்கத்தில், நன்றாக ஆடினீர்கள் என்று ஒரு வரி. சுற்றியிருந்த கைகளையும் திறந்தேன். இருபது நிமிஷம் கழித்து, வேறொரு மேஜையில், நாம் இரண்டு வருஷமாக ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம், நான் எந்த மேஜைக்குப் போனாலும் நீங்கள் இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தார். என் பெயரைக் குறிப்பிட்டு எனக்கே எழுதியது. பதினொன்றே முக்காலுக்கு மூன்றாவது மேஜையில் கடைசி வரி: இன்று எனக்குக் கடைசி இரவு, உங்களுக்கு நல்லது நடக்கட்டும். அந்தக் கையில் நான் அவருடைய மூன்றாவது நூறு டாலரை எடுத்திருந்தேன். அதற்குப் பிறகு அவர் ஆடிய கை எதுவும் என் கோப்புகளில் இல்லை.

கடைசி இரவு என்றால் எதற்குக் கடைசி? சீட்டை விட்டுவிடுவதற்கா? அப்படி முடிவெடுத்தவர்கள் மிச்சமிருக்கும் பணத்தை வாரி இறைத்துவிட்டுப் போவது உண்டு; அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் ஆடிய முந்நூற்றுச் சொச்சம் கைகளை மட்டும் தனியே பிரித்து மென்பொருளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறுக்கு 53 கை ஆடியிருந்தார். இரண்டு வருஷம் பதினான்கைத் தாண்டாத மனிதர். ஒரே மேஜையில் அவர் எதிரே நான் உட்கார்ந்திருந்தால் பத்தாவது நிமிஷத்தில் தெரிந்திருக்கும். பெரியப்பாவாக இருந்தால் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, ஒடம்புக்கு முடியலையா?” என்று கேட்டிருப்பார். கேட்டு நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் அடுத்தடுத்துத் தப்புத் தப்பாகக் கழித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, ஆட்டத்தை நிறுத்தி அவரைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அமெரிக்காவில் இருந்தவர்களுக்குப் பணத்துக்கு ஆடும் மேஜைகள்தான் மூடப்பட்டிருந்தன. பொய்ப் பணத்துக்கு ஆடும் பகுதி திறந்தே இருந்தது. ஒருவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பெயரைத் தட்டித் தேடும் வசதியும் அதில் இருந்தது. அந்த ஞாயிறு இரவு மீன் பெயரையும் நான்கு எண்களையும் தட்டினேன். எந்த மேஜையிலும் இல்லை என்று வந்தது. திங்கள் தட்டினேன். அந்தக் கோடை முழுக்க, பெரும்பாலும் ஒன்பது மணிக்குமேல், தட்டினேன்.

அடுத்த ஜனவரியில் பஹாமாஸில் ராண்டி லூ என்ற ஆட்டக்காரர் 8 மணி நேரத்தில் 23,493 கை ஆடி கின்னஸ் சாதனை படைத்த செய்தி வந்தது. கைக்கு ஒன்றேகால் விநாடிக்கும் குறைவு. முடிவில் லாபத்தில் நின்றால்தான் சாதனை செல்லும் என்பது நிபந்தனை. லாபம் 7 டாலர் 65 சென்ட். அந்தத் தொழில் தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன், அது அசாத்தியமான திறமை. அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. செய்தியைப் படித்தபோது அவர் எதிரே உட்கார்ந்திருந்தவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு திரைகளில் ஒன்றை விற்றுவிட்டேன். ஒரு பக்கத்தை முழுதாகப் படிக்கக் கண் பழகுவதற்கு ஒரு வருஷம் ஆனது. அம்மா பேசும்போது பால்கனிக்குப் போய் நின்று பேசுவேன். அவள் பேசுவதற்கு இவ்வளவு இருக்கிறது என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது.

2013 நவம்பரில் நியூ ஜெர்ஸி எல்லைக்குள் இணையப் போக்கர் சட்டப்படி தொடங்கியது. அப்போது மாநிலத்துக்குள் இருப்பவர்கள் மட்டுமே ஆட முடிந்தது. டிசம்பரில் ஒரு பனி இரவு கணக்குத் தொடங்கி உட்கார்ந்தேன். ஒரே மேஜை, திரை நிறைய. அரட்டைப் பெட்டியைத் திறந்து வைத்தேன். அரை மணி நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை. நான் சீட்டைக் கீழே வைத்துவிட்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது இருக்கைக்காரர் பலமான கை வந்தால் தாமதிக்கிறார் என்று பிடிபட்டது. பிறகு அவரே எழுதினார்: உங்கள் பக்கம் பனி எப்படி?

முழங்கால் அளவு என்று எழுதினேன். காரைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது என்று எழுதினேன். உங்கள் பக்கம் எப்படி, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டேன். எழுதிக்கொண்டிருந்தபோது என் முறை வந்து, மணி அடித்து, நேரம் முடிந்து, என் சீட்டு தானாகக் கீழே போனது. கையில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. அவர் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.